மாதக் காசு இல்லாத டீவி: பெட்டி வாங்கப் போகுமுன் ஒரு பாடம்



இன்று எந்த லயத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தாலும் ஒரு டிஷ் தெரிகிறது. சில டிஷ் வேலை செய்கிறது. சில, மாதக் காசு கட்ட முடியாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்த நேரத்தில் டவுனில் ஒருவர், "அண்ணே, இந்தப் பெட்டிக்கு மாசக் காசே கிடையாது, எல்லா சேனலும் வரும்" என்று சொன்னால் நம் மனம் உடனே இளகிவிடும். கையிலிருக்கும் சீட்டுக் காசை எண்ணிக் கொடுத்துவிடுவோம். அது எத்தனை நாள் பேர் போட்டுச் சேர்த்த காசு என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே காசைக் கொடுக்குமுன் விஷயத்தைக் கொஞ்சம் படித்துக்கொள்வோம்.

1. டீவி அலை எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழியில் வருகிறது. ஒன்று தரை வழி. மலை உச்சியில் கோபுரம் கட்டி, அங்கிருந்து நாலாபக்கமும் அலையை வீசுவார்கள். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஆரம்பமானது. அதன் முக்கிய கோபுரம் நம்ம பீதுருதாலகால மலையில் நிற்கிறது. 2,524 மீற்றர் உயரமான அந்த மலையை விட உயர்ந்த இடம் இந்த நாட்டில் இல்லை. ஆனால் இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவில் ஒரு மலை நின்றால் அதன் நிழலில் அலை குறைந்துவிடும். ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனில் படம் பளிச்சென்று தெரிய, கீழ் டிவிசனில் புள்ளி புள்ளியாகக் கொட்டுவதற்குக் காரணம் இதுதான். அன்டனாவைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

மற்றது செய்மதி வழி. பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் இருக்கின்றன. பூமி சுழலும் அதே வேகத்தில் அவையும் சுற்றுவதால், நமக்கு அவை ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். அதனால்தான் டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி இறுக்கிவிட்டால் போதும்.

இந்தியாவின் இலவச ஒளிபரப்பு வரும் செய்மதி, கிழக்கு 93.5 பாகையில் இருக்கிறது. மலையகத்தில் நின்று பார்த்தால் அது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையில், சுமார் 73 பாகை உயரத்தில் இருக்கும். தொடுவானம் 0 பாகை, உச்சந்தலைக்கு நேர் மேலே 90 பாகை என்று கணக்குப் போட்டால், இது எவ்வளவு உயரம் என்று விளங்கும். ஆகவே எதிரே இருக்கும் மலை இந்த அலையை மறைக்காது. லயத்துக்கு மேலே சாய்ந்து நிற்கும் சவுக்கு மரத்தின் கிளைதான் மறைக்கும். பள்ளத்தில் குடியிருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

2. பெட்டிகள் மூன்று வகை

முதலாவது, இலவச செய்மதிப் பெட்டி. இந்திய அரசின் தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் ஆரம்பித்த சேவைதான் இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர் பெற்றிருக்கிறது. பெட்டியையும் டிஷ்ஷையும் ஒரு தடவை வாங்கினால் சரி, மாதக் காசு இல்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதில் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஹிந்தி அலைவரிசைகள். தமிழுக்கு டிடி தமிழ் இருக்கிறது. முன்பு பொதிகை என்றிருந்ததன் பெயரை 2024 ஜனவரியில் மாற்றினார்கள். சன், விஜய் நாடகங்களை எதிர்பார்த்து இந்தப் பெட்டியை வாங்கினால் வீட்டில் சண்டைதான் வரும். அடுத்தது, தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் இடம் எடுத்து இதில் வருகின்றன. இந்த வருடம் வரும் சேனல் அடுத்த வருடம் இல்லாமல் போகலாம். அதற்குப் பெட்டிக்காரரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, தரை வழி டிஜிட்டல் பெட்டி. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். டிஜிட்டல் முறையில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பது டிவிபி-டி2 என்ற முறை. இலங்கையும் முதலில் அந்தப் பக்கம் சாய்ந்து, பின்பு 2014இல் ஐஎஸ்டிபி-டி என்ற ஜப்பானிய முறையைத் தெரிவு செய்தது. வேலை பல வருடம் இழுபட்டது. ஒரு முறைக்குச் செய்த பெட்டி மற்ற முறைக்கு உதவாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து தங்கச்சி அனுப்பிய பெட்டி, "டிஜிட்டல்" என்று பெரிதாக எழுதியிருந்தாலும் நம்ம வீட்டில் சும்மா கிடக்கலாம். நம் பகுதிக்கு டிஜிட்டல் அலை வந்திருக்கிறதா, எந்த முறையில் வருகிறது என்று உறுதியாகத் தெரியும் வரை இந்த வகைப் பெட்டியை வாங்கவே வேண்டாம். பழைய முறை ஒளிபரப்பைப் பார்க்கச் சாதாரண அன்டனா மட்டும் போதும்.

மூன்றாவது, மாதக் காசுப் பெட்டி. இது ஒரு கம்பெனிக்கு மட்டும் பூட்டுப் போட்ட பெட்டி. தொடக்கத்தில் மலிவாகத் தருவார்கள், பிறகு மாதாமாதம் கட்ட வேண்டும். கணக்கை நாமே போடுவோம். மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 12,000, மூன்று வருடத்துக்கு 36,000. கட்ட முடிந்தவர்கள் கட்டலாம், தப்பில்லை. ஆனால் பெட்டியின் விலையை மட்டும் பார்த்து "மலிவு" என்று சொல்லக்கூடாது.

இந்தியாவின் மாதக் காசுப் பெட்டிகளையும் இங்கே சிலர் கைமாற்றி விற்கிறார்கள். அந்தக் கம்பெனிகள் இந்திய வீடுகளுக்கென்று அனுமதி பெற்றவை. இங்கே இடைத்தரகரிடம் காசு கட்டி, அவர் காணாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? "பூட்டின சேனலைத் திறந்து தாறோம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இன்று திறக்கும், நாளை கம்பெனி சாவியை மாற்றினால் படம் நின்றுவிடும். போன காசு போனதுதான்.

3. கடையில் என்ன கேட்பது?

வெட்கப்படாமல் கேளுங்கள். "முதலாளி, கொஞ்சம் போட்டுக் காட்டுங்க, பாத்துட்டு வாங்குறேன்" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

அ) "டிவிபி-எஸ்2, எம்பெக்-4 இரண்டும் இதில் இருக்கா?" எம்பெக்-2 மட்டும் தெரிந்த பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எம்பெக்-4 முறையில் வரும் சேனல்கள் அதில் தெரியாது.

ஆ) "நம்ம டீவிக்கு இது பொருந்துமா?" பழைய முதுகு பெருத்த டீவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டை இருக்கும். புது டீவிக்கு எச்டிஎம்ஐ வயர் வேண்டும். போகுமுன் வீட்டு டீவியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

இ) "டிஷ் எத்தனை சென்ரிமீற்றர்?" இந்தியாவுக்கென்று வீசும் அலை நம்ம பக்கம் வரும்போது மெலியலாம். பெருமழையும் அதைக் குறைக்கும். 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷை விட 90 சென்ரிமீற்றர் டிஷ் இரண்டேகால் மடங்கு அலையைப் பிடிக்கும். மழைக்காட்டில் வாழும் நமக்குப் பெரிய டிஷ்தான் நல்லது.

ஈ) "உத்தரவாதம் எத்தனை மாதம்? பற்றுச்சீட்டில் எழுதித் தருவீங்களா?" வாயால் சொன்ன உத்தரவாதம் காற்றோடு போகும். பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம்.

டிஷ் பூட்ட வருபவரிடமும் ஒன்று கேளுங்கள். டீவித் திரையில் இரண்டு கோடு காட்டுவார்: ஒன்று அலையின் பலம், மற்றது அலையின் தரம். டிஷ் தவறான பக்கம் பார்த்தாலும் பலக் கோடு ஏறி நிற்கும். "தரம் எவ்வளவு காட்டுது, தம்பி?" என்று கேளுங்கள். தரக் கோடு நன்றாக ஏறிய பிறகு காசைக் கொடுங்கள்.

4. கூரையும் கரண்டும்

டிஷ் கம்பத்தைக் கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். கம்பம் கை நழுவிக் கம்பியில் பட்டால் பிடித்தவர் உயிர் போகும். ஈரத் தகரத்தில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். தகரத்தில் ஓட்டை போட்டால் ஒழுகும்; சுவரில் அல்லது தரையில் ஊன்றிய கம்பத்தில் பூட்டுவது நல்லது.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். வானம் கறுக்கும்போதே கரண்ட் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் வயரைத் தொட வேண்டாம்.

ரிமோட்டால் நிறுத்தினாலும் பெட்டி கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 10 வாட் பெட்டி இரவும் பகலும் கிடந்தால் ஒரு மாதத்தில் 7 யூனிட்டுக்கு மேல் போகும். 30 யூனிட்டுக்குள் பில்லை வைத்திருக்கும் வீட்டுக்கு அது பெரிய வித்தியாசம். சுவிட்சில் நிறுத்தப் பழகுவோம்.

5. பழைய அன்டனாவைக் கழற்றாதீர்கள்

இதை முக்கியமாகச் சொல்கிறோம். டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியில் நேத்ரா, வசந்தம், சக்தி வராது. நம்ம நாட்டுச் செய்தி அதில் இல்லை. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது நம்ம பிள்ளைகளின் பாடத்திட்டப்படி தமிழில் பாடம் சொன்னது நேத்ராதான். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மாவட்ட வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. அது உள்ளூர் அலைவரிசையிலும் வானொலியிலும்தான் வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் நடந்ததை நம்மில் யார் மறந்தோம்? டெல்லியில் வெயிலா மழையா என்று தெரிந்துகொண்டு, நம்ம மலை இறங்கப் போவது தெரியாமல் இருக்கலாமா?

ஆகவே டிஷ் பூட்டினாலும் அன்டனா அப்படியே இருக்கட்டும். டீவி ரிமோட்டில் மூலத்தை மாற்றும் பொத்தானை அழுத்தினால் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கலாம். அதை வீட்டிலுள்ள ஆயாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். மழையில் கரண்ட் போனால் டீவி ஊமைதான். பற்றரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்று ஒவ்வொரு காம்பராவிலும் இருக்க வேண்டும்.

வீட்டில் கூடிப் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் வீட்டில் யார் யார் என்ன பார்க்கிறார்கள்? அது இலவசப் பெட்டியில் வருமா?
2. நம்ம டீவியின் பின்பக்கத்தில் என்ன ஓட்டைகள் இருக்கின்றன?
3. மாதக் காசுப் பெட்டி என்றால், மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு?
4. பக்கத்து லயத்தில் ஏற்கெனவே பூட்டியவர் வீட்டில், நல்ல மழை நாளில் படம் எப்படித் தெரிகிறது?
5. எச்சரிக்கை வந்தால் நாம் எந்த அலைவரிசையில் கேட்போம்?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு டவுனுக்கு பஸ் ஏறுங்கள். பதில் கிடைக்கவில்லையென்றால் சீட்டுக் காசு பெட்டியில் இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும். கெட்டுப்போகாது.