ஜாஸ் கச்சேரிக்கு விமர்சனம் எழுதப் போகிறீர்களா?

மறைமலைநகரில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலைப் பிடித்தால் நேரே நுங்கம்பாக்கத்தில் இறங்கலாம். கல்லூரிச் சாலையிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் அவ்வப்போது ஜாஸ் கச்சேரிகள் நடக்கும். எழுதிப் பழக நல்ல இடம்.

போகும் முன் காதைப் பழக்குங்கள். 1976-இல் வந்த 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம் நமக்கு வசதியான நுழைவாயில். ஜான் மெக்லாஃப்லினின் கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம்.

மேடையில் பெரும்பாலும் முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு அதே கார்டு (சுரக் கூட்டு) வரிசையின் மேல் ஒவ்வொருவரும் தம் கற்பனையை வாசித்து, முடிவில் மெட்டுக்குத் திரும்புவார்கள். டிரம்ஸுடன் மற்றவர்கள் நான்கு நான்கு பாராக (தாளச் சுற்றாக) மாறி மாறி வாசிக்கும் இடம், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வதைப் போலிருக்கும். புதியவர்களின் கண் சாக்ஸபோன் மேலேயே இருக்கும். பேஸ் வாசிப்பவரையும் கவனியுங்கள். தாளத்தையும் சுருதியையும் ஒருசேரத் தாங்குபவர் அவர்.

போன் வெளிச்சம் பின்வரிசையை உறுத்தும். குறிப்பெடுக்கச் சின்ன நோட்டும் பென்சிலும் போதும். 'அருமை', 'அற்புதம்' வேண்டாம். எந்தப் பாட்டில் யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள். பாட்டின் பெயர் தெரியாவிட்டால் இடைவேளையில் கலைஞரையே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

விமர்சன நடை பழக, எழுத்தாளர் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள்.

இலவச பாஸில் போயிருந்தால் பத்திரிகை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பும் ரயிலிலேயே முதல் வரைவை முடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் பாதி மறந்திருக்கும்.