பத்துக் கன்று வைத்தால் ஒரு பழைய மரத்துக்கு ஈடாகுமா?



கைலாசபுரம் பெல் நகரியத்துக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய்வருகிற நமக்கு அங்குள்ள நிழலின் அருமை தெரியும். 1960களில் தொழிற்சாலையோடு உருவான நகரியம் அது. அப்படி ஒரு நிழல் வளர ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது.

இப்போது சுற்றிலும் சாலை, மனை, கட்டடம் என்று ஊர் பெருகுகிறது. நமக்கும் நல்ல சாலை வேணும்தான். ஆனால் "ஒரு மரம் போனால் பத்துக் கன்று வைக்கிறோம்" என்றால் சரி என்று தலையாட்டி விடலாமா?

பழைய மரத்தில் பொந்து இருக்கும். மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்த பொந்தில் பிறகு கிளி, மைனா, ஆந்தை குடியேறும். வயலில் எலியைப் பிடிப்பது அந்த ஆந்தைதான். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது வௌவால். கன்றில் பொந்து ஏது? இவை எல்லாம் அதுவரை எங்கே போகும்?

நாம் செய்யக்கூடியவை:

1. ஊரில் உள்ள பழைய மரங்களை எண்ணி, இடம், பொந்து, கூடு விவரத்தோடு குழு நோட்டில் எழுதுவோம்.

2. அடிமரம் வரை சிமெண்ட் போட விடக்கூடாது. வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகணும். ஆணி அடிப்பது, அடியில் குப்பை எரிப்பது கூடாது.

3. பட்டுப்போன கிளை ஆபத்து என்றால் அந்தக் கிளையை மட்டும் எடுக்கச் சொல்வோம். தை முதல் சித்திரை வரை கிளியும் ஆந்தையும் குஞ்சு பொரிக்கும் காலம். அவசரம் இல்லையென்றால் அப்போது கை வைக்க வேண்டாம்.

4. சாலைக்கு அளவுக் கல் நடும்போதே பேச வேண்டும். கோடாரி வந்த பிறகு பேசிப் பயனில்லை. ஊராட்சியில் உள்ளவர்கள் கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். பொது இடத்து மரங்களை வெட்டுவது பற்றி முடிவெடுக்க, 2021இல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு அமைக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

நம்மால் முடியுமா என்று தயங்க வேண்டாம். 1974 மார்ச் 26 அன்று, இன்றைய உத்தரகாண்டின் ரேணி கிராமத்தில் ஆண்கள் ஊரில் இல்லாத நேரம் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். மகளிர் மன்றத் தலைவி கௌரா தேவியும் 27 பெண்களும் மரங்களைக் காத்து நின்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்: நம் ஊரில் மூத்த மரம் எது? அதில் யார் யார் குடியிருக்கிறார்கள்? அதற்கு ஆபத்து வந்தால் முதல் மனுவை எழுதப் போவது யார்?