விளையாட்டரங்க வாயிலில் தடுப்பூசிச் சான்று: வேண்டுமா, வேண்டாவா?

பாலிங் வட்டாரத் தோட்டங்களில், வெட்டு இல்லாத நாளின் மாலை வேளை திடலுக்கே உரியது. இளைஞர்கள் காற்பந்து ஆடுவர். பெரியோரும், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மாரும் திடலைச் சுற்றி நின்று கண்டு களிப்பர். கோலா கெட்டில் பக்கத்திலிருந்து ஒரு குழுவும் கூப்பாங் பக்கத்திலிருந்து ஒரு குழுவும் மோதுமாயின் கூட்டம் இன்னும் பெருகும். அங்கு நுழைவுச் சீட்டு இல்லை; எவரும் எவரிடமும் சான்று கேட்பதுமில்லை.

ஆனால், சில ஆண்டுகளுக்கு முன்பு, நுழைவுச் சீட்டைப் பணம் கொடுத்து வாங்கியவர்கூடத் தடுப்பூசிச் சான்று இல்லையேல் பெரிய விளையாட்டரங்கினுள் செல்ல இயலாத நிலை நம் நாட்டில் இருந்தது. அக்கட்டுப்பாடு இன்று நீங்கிவிட்டது. நீங்கிய ஒன்றை இப்பொழுது ஏன் ஆராய வேண்டும் என்று அன்பர்கள் வினவலாம். நோய் பரவும் காலத்தில் அச்சமும் சினமும் அறிவை மறைத்துவிடுகின்றன. ஒழுகும் கூரையை மழை பெய்யும்போது வேய முடியாது. வெயில் காலத்தில்தான் வேய வேண்டும். மற்றொரு கொள்ளைநோய் வரும் நாளில் நாம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை இந்த அமைதிக் காலத்திலேயே எண்ணிப் பார்ப்பது நன்று.

சான்று கேட்பது புதிதன்று

தடுப்பூசிக்குச் சான்று கேட்கும் வழக்கம் கோவிட் நோயோடு தோன்றியதன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக்கு வந்த நம் முன்னோர் பலர், கரையிறங்கியவுடன் தோட்டங்களுக்கு அனுப்பப்படவில்லை. ஜெரெஜாக் தீவில் இருந்த தொற்றுத்தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டனர், அம்மைப்பால் குத்தப்பட்டனர். முதியோர் பலரின் கையில் நாம் கண்ட வட்ட வடிவத் தழும்பு அம்மைப்பால் குத்தியதன் அடையாளமே. அத்தழும்பே அவர்களுக்குச் சான்றாகவும் அமைந்தது.

அதன் பயன் யாது? பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்றும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருவோரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கப்படுகிறது. மக்காவுக்குப் புனிதப் பயணம் மேற்கொள்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும். ஆகவே, சான்று கேட்கலாமா என்பது மட்டும் வினாவன்று. எந்த இடத்தில், எந்த நோய்க்கு, எத்துணைக் காலம் கேட்கலாம் என்பதே நாம் ஆராய வேண்டியது.

கூட்டமும் தொற்றும்

விளையாட்டைக் காண வருவோர் வாளா இருப்பதில்லை. கோல் விழுந்தால் கூவுகின்றனர். அருகில் நிற்பவரைக் கட்டித் தழுவுகின்றனர். ஒரே பேருந்தில் நெருங்கி அமர்ந்து வருகின்றனர். மூச்சுக்காற்றின் வழிப் பரவும் நோய்க்கு இதனினும் வாய்ப்பான சூழல் வேறில்லை.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் அத்தலாந்தா, வலென்சியா குழுக்களிடையே ஒரு காற்பந்தாட்டம் நடைபெற்றது. 40,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அருகிலுள்ள பெர்காமோ நகரினர். நோய் தம்மிடையே நுழைந்திருப்பதை அன்று எவரும் அறியார். அடுத்த சில வாரங்களில் பெர்காமோ நகரின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. சவப்பெட்டிகளை இராணுவ வண்டிகளில் ஏற்றிச் செல்லும் அவலம் நேர்ந்தது. அந்த ஓர் ஆட்டமே அனைத்திற்கும் காரணம் என்று கூறவியலாது. எனினும் நோய் விரைந்து பரவ அது துணைபுரிந்தது என்று மருத்துவர்கள் பலர் கருதினர்.

நம் நாட்டில் நடந்தது

மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அவ்வாண்டின் மலேசியக் கிண்ணப் போட்டி பாதியிலேயே கைவிடப்பட்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. குடியுரிமை உடையோர், இல்லாதோர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் ஊசி இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ஒரே நாளில் 24,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அக்டோபர் 10-ஆம் நாளுக்குள் நாட்டின் வயதுவந்தோரில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றனர். மறுநாள் முதல், அவ்வாறு பெற்றவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அனுமதி கிடைத்தது.

நவம்பர் 30-ஆம் நாள் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. 1921-ஆம் ஆண்டில் தோன்றிய அக்கிண்ணத்திற்கு அது நூறாவது ஆண்டு. முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்களே பார்வையாளராக அனுமதிக்கப்பட்டனர். மைசெஜாத்ரா செயலியில் உள்ள சான்று வாயிலில் பார்க்கப்பட்டது. கோலாலம்பூர் நகரக் குழு 2-0 என்ற கோல் கணக்கில் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவை வென்றது. கோலாலம்பூர் அதற்கு முன்பு கிண்ணம் வென்றது 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளில். அம்மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்றது நம் கெடா குழுவே என்பதை மூத்த அன்பர்கள் மறந்திரார். 1990-இல் கெடா கிண்ணத்தை வென்றபோது அந்த மனக்குறை தீர்ந்தது. பெற்ற தந்தையோடு அமர்ந்து கண்ட அத்தகைய ஆட்டத்தை முதியவர் ஒருவர் ஆயுள் முழுதும் நினைவிற்கொள்வார். வாயிலில் ஒருவரைத் திருப்பி அனுப்புவது சிறு செயலன்று என்பதை உணர்த்தவே இதனைக் கூறினோம்.

பிற நாடுகளின் வழிகள்

இரு தவணை ஊசிக்குச் சான்று கேட்பது ஒரு வழி. ஊசிச் சான்றோ நோயில்லை என்னும் சோதனைச் சான்றோ இரண்டில் ஒன்று போதும் என்பது மற்றொரு வழி. இரண்டும் வேண்டும் என்பது மூன்றாவது வழி.

மூன்றாவது வழியைத் தமிழ்நாடு மேற்கொண்டது. 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் மதுரை மாவட்டத்தின் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் ஏறுதழுவும் விழா நடைபெற்றது. பார்வையாளர் 150 பேர் அல்லது இருக்கைகளில் பாதி, இவற்றுள் எது குறைவோ அதுவே வரம்பு என்று தமிழக அரசு விதித்தது. இரு தவணை ஊசிச் சான்றும், 48 மணி நேரத்திற்குள் எடுத்த சோதனைச் சான்றும் கேட்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் விழா 17-ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பல்லாயிரவர் திரளும் விழா, சில நூறு பேரோடு நடந்தேறியது.

இரண்டாவது வழியை இங்கிலாந்து மேற்கொண்டது. 2021-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. சான்று கட்டாயம் என்றனர். ஆனால் ஏறத்தாழ 2,000 பேர் நுழைவுச் சீட்டே இல்லாமல் கதவுகளைத் தள்ளிக்கொண்டு உட்புகுந்தனர். சீட்டு இல்லாதவரிடம் சான்றைக் கேட்டவர் யார்? அன்று அரங்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 3,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் தொற்றியிருக்கலாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் பின்னர்க் கணக்கிட்டனர். வாயில் வலுவாக இல்லாத இடத்தில் விதி வெறும் எழுத்தாகவே நின்றுவிடுகிறது.

மறுப்போர் கூறுவன

1955-ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் எதிரெதிரே அமர்ந்து பேசிய ஊர் பாலிங். உடன்பாடு ஏற்படவில்லை, எனினும் இரு தரப்பினரும் தத்தம் கருத்தை எடுத்துரைத்தனர். மாற்றுக் கருத்தைச் செவிமடுப்பது இவ்வூரார்க்குப் புதிதன்று. ஆகவே மறுப்போர் கூறுவனவற்றையும் காண்போம்.

முதலாவது, தம் உடலைப் பற்றிய முடிவு தம்முடையதே என்பர். இதில் உண்மை உண்டு. ஆயினும் ஊசி போடும்படி ஒருவரை வற்புறுத்துவது வேறு. ஓர் அரங்கினுள் நுழைய நிபந்தனை விதிப்பது வேறு. ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காணலாம். மளிகைக் கடைக்கும் மருத்துவமனைக்கும் இவ்வாறு மாற்று வழி இல்லை. எனவே அரங்கிற்குப் பொருந்தும் விதி அவ்விடங்களுக்குப் பொருந்தாது. அரங்கின் வெளியே கச்சான் விற்றுப் பிழைப்பவருக்கு அது கேளிக்கையன்று, வயிற்றுப்பாடு என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, ஊசி போட்டவருக்கும் நோய் வருகிறதே என்பர். இதுவும் உண்மையே. தட்டம்மை ஊசி நோய் தொற்றுவதையே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கோவிட் ஊசியோ உயிரிழப்பையும் கடும் நோயையும் நன்கு தடுத்தது. தொற்றைத் தடுக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. கிண்ண இறுதியாட்டத்திற்கு நான்கு நாள்களுக்கு முன்பு, நவம்பர் 26-இல், ஓமிக்ரோன் என்று பெயரிடப்பட்ட புதுவகைக் கிருமி பரவியபின் அவ்வாற்றல் மேலும் குன்றியது. அந்நிலையில் ஊசிச் சான்று, அதனை உடையவரைக் காப்பதற்கே மிகுதியும் பயன்பட்டது; அருகில் அமர்ந்தவரைக் காப்பதற்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. வாயிலில் சான்று கேட்பதற்குரிய காரணமும் அந்த அளவிற்கு வலுவிழந்தது.

மூன்றாவது, ஏழையும் எழுத்தறியாதவரும் புறக்கணிக்கப்படுவர் என்பர். தோட்டப்புறத்தார் கூர்ந்து நோக்க வேண்டியது இதுவே. இரு ஊசியும் போட்ட முதியவர் ஒருவரிடம் விவேகக் கைப்பேசி இல்லை. மற்றொருவரின் பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் சான்றில் வேறுவிதமாகவும் இருக்கிறது. இத்தகையோர் ஊசிக்கு அஞ்சியவர் அல்லர்; காகிதத்தால் தடுக்கப்பட்டவர். இது விதியின் குற்றமன்று என்று தள்ளிவிடலாகாது. விதி வகுப்போர் முன்கூட்டியே தீர்க்க வேண்டிய குறை இது.

நாம் கொள்ளத்தக்க முடிவு

இவற்றை எல்லாம் சீர்தூக்கின், பார்வையாளரிடம் சான்று கேட்பது தகும். ஆனால் நான்கு நிபந்தனைகளோடுதான் தகும் என்பது நம் கருத்து. ஒன்று, நோய் கடுமையாகப் பரவும் காலமாக இருத்தல் வேண்டும். ஊசியும் பிறருக்குத் தொற்றுவதை ஓரளவேனும் தடுப்பதாக இருத்தல் வேண்டும். இரண்டு, ஊசி அனைவர்க்கும் இலவசமாக, தோட்டத்தின் எல்லைக்கே வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். எட்டாத ஊசிக்குச் சான்று கேட்பது முறையன்று. மூன்று, மருத்துவக் காரணத்தால் ஊசி போட இயலாதவருக்குச் சோதனை முதலிய மாற்று வழியும், கைப்பேசி இல்லாதவருக்கு அட்டையும் ஏற்கப்படுதல் வேண்டும். நான்கு, காரணம் நீங்கியவுடன் விதியும் நீங்குதல் வேண்டும்.

நான்காவது நிபந்தனை நம் நாட்டில் நிறைவேறியது. 2022-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து மைசெஜாத்ரா வாயிலாகப் பதியும் கட்டாயம் நீங்கியது. ஊசி போட்டவரும் போடாதவரும் பொது இடங்களுக்குச் செல்ல இயன்றது. இந்நோய்க்கு நாம் கொடுத்த விலை பெரிது. நாடு முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்துள்ளோம். சான்று கேட்டதைக் குறை கூறுவோரும் இத்தொகையை மறத்தலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

அரங்கம் சான்று கேட்பினும் கேளாவிடினும் நம் கடமைகள் சில உண்டு. ஊசி அட்டையைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து நீர் படாத உறையில் பாதுகாத்தல் வேண்டும். அதிலுள்ள பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒப்பிட்டு, பிழையிருப்பின் அரசாங்க மருந்தகத்தில் உடனே திருத்திக்கொள்ளுதல் வேண்டும். படித்த இளைஞர்கள், தம் லயத்தில் வாழும் முதியோர்க்கு இதில் உதவலாம். பணத்திற்குப் போலிச் சான்று தருவோரை அணுகவே கூடாது. அது சட்டப்படி குற்றம், உடன் அமர்ந்திருப்பவருக்கும் வஞ்சகம்.

குழந்தைகளுக்குரிய ஊசிகளைத் தவணை தவறாமல் போடுதல் இவற்றினும் முதன்மையானது. 2016-ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நோய் கெடா உள்ளிட்ட சில மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டி, ஊசி போடாத பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. தோட்டத்துத் திடலின் ஓரத்தில் தாயின் இடுப்பிலிருந்து ஆட்டம் காணும் குழந்தையிடம் எவரும் சான்று கேட்பதில்லை. ஆயினும் அக்குழந்தைக்கு ஊசி போட்டிருக்கிறோமா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. விளையாட்டரங்கிற்கு விதிக்கும் நிபந்தனையை மளிகைக் கடைக்கும் விதிக்கலாமா? காரணம் கூறுக.

2. ஊசிச் சான்று, சோதனைச் சான்று ஆகியவற்றுள் எது பிறரைக் காக்க மிகுதியும் உதவும்?

3. உங்கள் லயத்தில் கைப்பேசி இல்லாத முதியோர் எத்தனை பேர்? அவர்களின் ஊசி அட்டை யாரிடம் உள்ளது?

மூன்றாவது வினாவிற்கான விடையை, அண்டை வீட்டாரை இன்றே கேட்டு அறிந்துகொள்வோமாக.