கண்ணீர் மட்டும் அளவுகோல் ஆகுமா?

(மது அருந்தி வண்டி ஓட்டுவதன் விளைவைக் காட்டும் மேடை நாடகத்தை மதிப்பிடும் முறை)

முன்னுரை

காந்தியடிகள் இளம் பருவத்தில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டார். வாய்மையின்பால் தம் உள்ளம் ஈர்க்கப்பட அது காரணமாயிற்று என்பதை அவரே தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். நாடகத்தின் ஆற்றலைப் பேசும்போதெல்லாம் ஆசிரியர்களாகிய நாம் இதனை எடுத்துக்காட்டுவது வழக்கம். எனினும், நாடகம் கண்டு அழுதவர் அனைவரும் திருந்திவிடுவதில்லை. அரங்கில் அழுது, வாயிலைத் தாண்டியதும் மறந்தவரே பலர்.

பல ஆண்டுகளுக்கு முன்பு வந்தவாசி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதன் கேட்டை விளக்கும் நாடகம் நடைபெற்றது. ஆசிரியப் பயிற்சி மாணவியரை அழைத்துச் சென்றிருந்த யாம், அதனை மதிப்பிட்டு அறிக்கை எழுதும் பொறுப்பையும் ஏற்றிருந்தோம். எமன் வேடமிட்டவர் பாசக்கயிற்றுடன் தோன்றினார். இறந்த இளைஞனின் தாயாக நடித்தவர் மார்பில் அறைந்துகொண்டு அழுதார். பிள்ளைகளும் விம்மினர். "மாணவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது, மிகுந்த பயன் விளைந்தது" என எழுதிக் கையொப்பமிட்டோம்.

ஓராண்டு கழித்து அதே பள்ளிக்குச் சென்றபோது, அந்நாடகத்தில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டோம். எமனின் மீசை எல்லாருக்கும் நினைவிருந்தது. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் பின்னர்த் தனியே வந்து, "டீச்சர், அன்றைக்கு நானும் அழுதேன். ஆனால் எங்கள் சித்தப்பா குடித்துவிட்டு, 'வண்டியில் ஏறு' என்றபோது என்ன சொல்லி மறுப்பது என்று அந்த நாடகத்தில் யாரும் சொல்லவில்லையே" என்றாள். திருமண வீட்டிலிருந்து நள்ளிரவில் அவர் பின்னால் அமர்ந்தே ஊர் திரும்பியிருக்கிறாள். தீங்கு நேரவில்லை. ஆயினும் எமது அறிக்கை பிழையானது என்பதை அன்று உணர்ந்தோம். அழுகையை அளந்தோமேயன்றி, அறிவையும் செயலையும் அளக்கவில்லை. அப்பிழையைப் பிறரும் செய்யாதிருக்கவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. ஓர் எடுத்துக்காட்டு நாடகம்

அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் 'ஒவ்வொரு பதினைந்து நிமிடமும்' என்னும் பெயரில் ஒரு நிகழ்ச்சி நடத்தப்படுகிறது. மது தொடர்பான சாலை விபத்தில் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருவர் இறக்கிறார் என்று அது தோன்றிய காலத்தில் கூறப்பட்ட கணக்கே அதன் பெயராயிற்று.

நிகழ்ச்சி இரண்டு நாள் நீளும். முதல் நாள், கறுப்பு அங்கி அணிந்த மரண உருவம் குறித்த இடைவெளியில் வகுப்பறைக்குள் நுழைந்து மாணவர் ஒருவரை அழைத்துச் செல்லும். காவலர் ஒருவர் அம்மாணவரின் இரங்கற் குறிப்பைப் படிப்பார். சிறிது நேரத்தில் அவர் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு திரும்புவார்; அதன்பின் எவரிடமும் பேசமாட்டார். பிறகு பள்ளிக்கு வெளியே, நொறுங்கிய கார்களை வைத்து விபத்து ஒன்று நடித்துக் காட்டப்படும். உண்மையான தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் மருத்துவ ஊர்தியினரும் அதில் பங்கேற்பர். 'இறந்த' மாணவர்கள் அன்றிரவு வீடு செல்லாமல் வேறிடத்தில் தங்கி, பெற்றோருக்குச் சொல்லாமல் விட்டவற்றைக் கடிதமாக எழுதுவர். மறுநாள் பள்ளிப் பேரவையில் அக்கடிதங்கள் படிக்கப்படும்.

படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறதன்றோ? பார்த்தவர் கலங்குவர் என்பதில் ஐயமில்லை. அக்கலக்கம் என்ன செய்தது என்பதே மதிப்பீட்டாளர் கேட்க வேண்டிய வினா.

2. மதிப்பீட்டின் நான்கு படிகள்

பயிற்சிகளை மதிப்பிடுவதற்கு டொனால்டு கிர்க்பாட்ரிக் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1959ஆம் ஆண்டு நான்கு படிகளை வகுத்தார். அவை நம் பொருளுக்கும் நன்கு பொருந்துவன.

முதற்படி, எதிர்வினை. பார்த்தவர் விரும்பினரா, கலங்கினரா என்பது. எமது பழைய அறிக்கை இப்படியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் படி, கற்றல். முன்பு அறியாத எதனை இப்போது அறிந்தனர்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். மதுவால் தடை பிடிப்பது அரை நொடி தாமதித்தால், வண்டி 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். மோரும் எலுமிச்சைச் சாறும் காப்பியும் குளிர்ந்த நீரும் குருதியிலுள்ள மதுவை நீக்கமாட்டா. காலம் ஒன்றே நீக்கும். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நாடகம் இவற்றைப் பிழையின்றிக் கற்பித்ததா என்று நோக்குதல் வேண்டும்.

மூன்றாம் படி, நடத்தை. மாதங்கள் கழிந்தபின் செயல் மாறியதா? நான்காம் படி, விளைவு. சாலையில் சாவும் காயமும் குறைந்தனவா?

மேலே கூறிய அமெரிக்க நிகழ்ச்சியைப் பற்றி 2003ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் வெளிவந்த தொடக்கநிலை மதிப்பீடு, குறுகிய காலத்திற்கு நற்பயன் தென்பட்டதாகக் கூறிற்று. ஆயினும் அது மாணவர் தம் வாயால் கூறியதை வைத்து எழுந்த முடிவு. "இனிச் செய்யமாட்டேன்" என்று தாளில் எழுதுவது எளிது. நள்ளிரவில், நண்பர் நடுவில் அதனைக் காப்பதே அரிது.

3. அச்சம் எப்போது பயன் தரும்?

1953ஆம் ஆண்டு ஜேனிஸ், பெஷ்பாக் என்னும் இரு உளவியலார், பல் தூய்மை பற்றிய விரிவுரையை மூன்று விதமாக அமைத்துப் பள்ளி மாணவரிடம் நிகழ்த்தினர். ஒன்று மிகுந்த அச்சமூட்டுவது, மற்றொன்று இடைப்பட்டது, மூன்றாவது மெல்லியது. மிகுந்த அச்சமூட்டிய உரை மாணவரை மிகவும் கவலைகொள்ளச் செய்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து நோக்கியபோது, மெல்லிய உரையைக் கேட்டவரே அறிவுரையை மிகுதியாகப் பின்பற்றியிருந்தனர்.

அச்சமே வேண்டாம் என்பதா இதன் பொருள்? அன்று. லெவென்தால் என்பாரும் அவர்தம் துணைவரும் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. யேல் பல்கலைக்கழக மாணவர்க்கு இரணஜன்னி நோயின் கொடுமையை விளக்கும் குறுநூல் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினர்க்கு மட்டும், தடுப்பூசி போடும் இடத்தைக் காட்டும் வரைபடமும், எப்போது செல்வது என்று திட்டமிட்டுக்கொள்ளும் வழியும் சேர்த்து வழங்கப்பட்டன. வழி காட்டப்பட்டவருள் 100க்கு ஏறத்தாழ 28 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். நோயின் கேட்டை மட்டும் படித்தவருள் 100க்கு 3 பேரே சென்றனர்.

அச்சிறுமி கேட்டது இந்த வரைபடத்தைத்தான். விபத்தை மட்டும் காட்டும் நாடகம் நோயைக் கூறி மருந்தைக் கூறாத மருத்துவர் போன்றது. "இன்று நீங்கள் ஓட்ட வேண்டாம், இங்கேயே தங்குவோம்" என்று ஒரு பாத்திரம் மேடையில் சொல்லிக் காட்ட வேண்டும். மறுக்கப்பட்டவர் சினந்தால் அடுத்து என் செய்வது என்பதையும் காட்டுதல் வேண்டும்.

4. ஒப்பீடு இன்றி முடிவு இல்லை

அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு, மது மயக்கத்தில் வண்டி ஓட்டியதால் நேர்ந்த விபத்துகளில் 12,429 பேர் இறந்தனர். கணக்கிட்டால் ஏறத்தாழ 42 நிமிடங்களுக்கு ஒருவர். பதினைந்து நிமிடம் நாற்பத்திரண்டு ஆயிற்று. ஆகவே நாடகம் வென்றது எனக் கூறலாமா? மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்த மாநிலங்களைத் தூண்டிய 1984ஆம் ஆண்டுச் சட்டம், குருதியில் மதுவின் வரம்பைக் குறைக்கச் செய்த 2000ஆம் ஆண்டுச் சட்டம், இருக்கைப் பட்டை, காற்றுப் பை எனப் பல காரணங்கள் இடையில் வந்துள்ளன. இரு கணக்குகளும் எடுக்கப்பட்ட முறையும் ஒன்றன்று. இவற்றை விடுத்து நாடகத்திற்கே புகழ் சேர்ப்பது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகும்.

அச்சுறுத்தல் தீங்காகவும் முடியலாம். நியூ ஜெர்சி மாநிலச் சிறை ஒன்றில் நெடுநாள் கைதிகள் தவறும் சிறுவரை அதட்டி அச்சுறுத்தும் திட்டம், 1978ஆம் ஆண்டு ஆவணப்படம் ஒன்றால் பெரும்புகழ் பெற்றது. ஒப்பீட்டுக் குழு வைத்து ஆராய்ந்தவர் கண்டது வேறு. சிறைக்கு அழைத்துச் செல்லப்படாத சிறுவரைவிட, அழைத்துச் செல்லப்பட்டவரே பின்னர் மிகுதியாகக் குற்றம் புரிந்தனர். ஒப்பிட்டுப் பாராதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

நம் பள்ளிகளிலும் ஒப்பீடு செய்ய இயலும். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள் இருந்தால், சீட்டுக் குலுக்கி ஒரு பிரிவுக்கு நாடகத்தை இப்பருவத்திலும் மற்றதற்கு அடுத்த பருவத்திலும் காட்டலாம். பெயர் எழுதாத வினாத்தாளை நாடகத்திற்கு முன்பும், ஒரு வாரம் கழித்தும், மற்றப் பிரிவு நாடகம் காணும் முன்பும் இரு பிரிவினர்க்கும் கொடுத்து வேறுபாட்டைக் காணலாம். இரு பிரிவு மட்டும் கொண்டு பெரிய முடிவுக்கு வருதல் கூடாது. ஆயினும் வெறும் கண்ணீரைவிட இது நல்ல சான்று.

5. வாய்மை வழுவாமை

2008ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஓஷன்சைடு நகரப் பள்ளி ஒன்றில், காவலர்கள் வகுப்புகளுக்குச் சென்று, உடன் பயிலும் மாணவர் சிலர் விபத்தில் இறந்துவிட்டனர் என அறிவித்தனர். மாணவர் கதறினர். சில மணி நேரம் சென்றபின்னரே, அது விழிப்புணர்வுக்காகச் செய்த ஏற்பாடு என்று கூறப்பட்டது. பிள்ளைகள் பலர் சினம் கொண்டனர். நல்ல நோக்கத்திற்காயினும் நம்பியவரை ஏமாற்றிக் கற்பித்தல் கல்வியாகாது. மேடை என்று அறிந்து பார்ப்பது வேறு. மேடை என்று அறியாது துடிப்பது வேறு. அண்மையில் உறவினரை இழந்த பிள்ளை அவையில் இருக்கலாம் என்பதையும் நாடகம் நடத்துவோர் முன்னரே எண்ணுதல் வேண்டும்.

6. மதிப்பீட்டுத் தாள்

நாடகம் காணச் செல்லும் ஆசிரியரும் பெற்றோரும் கீழ்க்காணும் ஐந்து வினாக்களுக்கும் வினா ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண் வீதம் வழங்கலாம்.

அ) கூறிய செய்திகள் உண்மையானவையா?
ஆ) ஓட்டுபவர் மட்டுமின்றி, பின்னால் அமர்பவர், உடனிருப்பவர் கடமையும் காட்டப்பட்டதா?
இ) மறுத்துச் சொல்லும் சொற்கள் மேடையில் பேசிக் காட்டப்பட்டனவா?
ஈ) நாடகம் முடிந்தபின் பிள்ளைகள் வினவவும் தாமே நடித்துப் பார்க்கவும் நேரம் தரப்பட்டதா?
உ) எவரையும் ஏமாற்றாமலும், துயருற்றோரைப் புண்படுத்தாமலும் நடந்ததா?

நடிப்பு, ஒப்பனை, இசை ஆகியவற்றைத் தனியே பாராட்டுக. அவற்றின் மதிப்பெண்ணை இதனுடன் கூட்டற்க.

முடிவுரை

"நம் இல்லங்களில் மதுவுக்கு இடமில்லை, இந்நாடகம் நமக்கு எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். எதிரே வரும் வண்டியை ஓட்டுபவர் நம் இல்லத்தவர் அல்லர். கல்லூரி விடுதியிலிருந்து நம் பிள்ளையை ஏற்றி வரும் நண்பரும், வாடகைக் கார் ஓட்டுநரும் நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே மறுக்கும் சொல்லை நம் பிள்ளைகளும் பழகுதல் வேண்டும்.

காந்தியடிகள் அரிச்சந்திரனை ஒருமுறை கண்டதோடு அமையவில்லை. தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாக எழுதியுள்ளார். நாடகம் அரங்கில் தொடங்கலாம்; அது நிறைவெய்துவது பார்த்தவர் தாமே பழகும்போதுதான். அச்சிறுமிக்கு அன்று எம்மிடம் உடனடி விடை இல்லை. சற்று எண்ணியபின், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நாங்கள் காலையில் வருகிறோம் என்று சொல்" என்றோம். அதுவும் பொய்தான். "நீங்கள் குடித்திருக்கிறீர்கள், சித்தப்பா, எனக்கு அச்சமாக இருக்கிறது, நான் வரமாட்டேன்" என்னும் உண்மையைச் சொல்லும் துணிவையே அவளுக்குக் கற்பித்திருக்க வேண்டும் என்பது பின்னரே புலப்பட்டது.

பயிற்சி

1. மதிப்பீட்டின் நான்கு படிகள் யாவை? நீங்கள் அண்மையில் கண்ட விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்று எப்படி வரை சென்றது?
2. வழிகாட்டல் இல்லாத அச்சம் ஏன் செயலாக மாறுவதில்லை? தடுப்பூசி ஆய்வைக் கொண்டு விளக்குக.
3. வீட்டில் ஒருவர் குடித்த ஓட்டுநராகவும், மற்றொருவர் உடன் செல்ல மறுப்பவராகவும் ஐந்து நிமிடம் நடித்துப் பார்க்க. மறுப்பவராகப் பெரியோர் அன்று, பிள்ளைகளே நடித்தல் வேண்டும்.