பாலைவனத்தில் முதல் வாடகை வீடு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் அர்வைனில் கணினி வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, ஆனால் அங்கே வீடு வாங்க அது போதாது. அதனால் கிழக்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் வரும் ட்வென்டிநைன் பாம்ஸில் ஒரு வீடு வாங்கி மரைன் வீரர்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "ராணுவச் சம்பளம் அரசாங்கச் சம்பளம், வாடகை தவறாது" என்று நண்பர் ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. வாடகை பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். ஆனால் குடியிருப்பவர் நிலைக்கமாட்டார். இந்தத் தொழிலில் லாபமா நஷ்டமா என்பதை வாடகைத் தொகை தீர்மானிப்பதில்லை. ஆள் மாறும்போது ஆகும் செலவுதான் தீர்மானிக்கிறது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் ஊர். மொஹாவி பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் வடக்கு வாசலில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 28,000. ஊருக்கு வடக்கே, அடோபி சாலை போய் முட்டும் இடத்தில், மரைன் படையின் தளம். பரப்பளவில் மரைன் படைக்கு இருப்பதிலேயே பெரியது. இங்கே தொழிற்சாலை கிடையாது, பெரிய கல்லூரி கிடையாது. தளமும் பூங்காவும்தான் ஊருக்குச் சோறு போடுகின்றன.

இனி, குடிவரப் போவது யார் என்று பாருங்கள். தளத்துக்கு வருகிற எல்லா வீரரும் உங்களுக்கு வாடிக்கையாளர் அல்ல. கல்யாணமாகாத இளைய சிப்பாய்கள் தளத்துக்குள்ளேயே படை விடுதியில் தங்குவார்கள். வேறு தளங்களிலிருந்து பயிற்சிக்கு வரும் பட்டாலியன்கள் உள்ளே முகாமில் இருந்துவிட்டுச் சில வாரங்களில் திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை மாலை கடைத்தெருவில் தெரியும் கூட்டத்தைப் பார்த்து வீட்டுத் தேவையைக் கணக்குப் போட வேண்டாம். உங்களிடம் வரக்கூடியவர்கள் குடும்பஸ்தர்கள், சற்று மூத்த படிநிலையில் இருப்பவர்கள், அதிகாரிகள். அவர்களுக்கும் தளத்துக்குள் தனியார் நிறுவனம் நடத்தும் குடும்பக் குடியிருப்புகள் உண்டு. ஆகவே உங்களுக்குப் பெரிய போட்டி பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, தளமேதான். உள்ளே வீடு கிடைக்கக் காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டியல் சுருங்கினால் வெளியே வீடு காலியாகக் கிடக்கும்.

வெளியே தங்குபவருக்கு அரசு வீட்டு வாடகைப்படி தருகிறது. படிநிலை, வேலைபார்க்கும் தளம், குடும்பம் உண்டா இல்லையா என்ற மூன்றையும் வைத்து அது நிர்ணயமாகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆம் தேதி புதிய விகிதம் வரும். அந்த வட்டாரத்தின் வாடகையையும் மின்சாரம், தண்ணீர்ச் செலவையும் கணக்கிட்டு, சராசரியில் 95 சதவீதம் அளவுக்குத் தருகிறார்கள். பாதுகாப்புத் துறை இதை இணையத்தில் வெளியிடுகிறது. ட்வென்டிநைன் பாம்ஸின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் எந்தப் படிநிலைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். வீடு பார்க்கப் போகும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் கேட்கக்கூடிய வாடகையின் உச்சவரம்பு கிட்டத்தட்ட அதுதான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. விகிதம் குறைந்தால், ஏற்கெனவே அங்கே பணியில் இருப்பவருக்குப் பழைய தொகையே தொடரும். புதிதாக வருபவருக்குக் குறைந்த தொகைதான். இன்றைய குடித்தனக்காரர் 2,000 டாலர் தருகிறார் என்பதால் அடுத்து வருபவரும் தருவார் என்று எண்ணிவிட முடியாது.

அடுத்து சட்டம். படைவீரர் சிவில் நிவாரணச் சட்டம் என்று 2003-இல் வந்த கூட்டரசுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு இருந்தாலும், நிரந்தர இடமாற்ற உத்தரவோ, 90 நாளோ அதற்கு மேலோ வெளியே பணிக்குப் போகும் உத்தரவோ வந்தால், வீரர் அதை இடையிலேயே முடித்துக்கொள்ளலாம். எழுத்துப்பூர்வமாக நோட்டீஸும் உத்தரவின் நகலும் தந்தால் போதும். அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடியும். ஜூன் 10-ஆம் தேதி நோட்டீஸ் தந்தால், ஜூலை 1 வாடகையைக் கட்டிவிட்டு ஜூலை 31-க்குள் காலி செய்துவிடலாம். அபராதம் வாங்க உங்களுக்கு உரிமை இல்லை.

முன்பண விஷயத்தில் சென்னைப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் ஒரு மாத வாடகைதான் முன்பணம். ஓரிரு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறிய உரிமையாளர் இரண்டு மாதம் வாங்கலாம் என்று விலக்கு உண்டு. ஆனால் குடிவருபவர் படைவீரர் என்றால் அந்த விலக்கும் செல்லாது. காலி செய்த 21 நாளுக்குள் கழிவுக் கணக்கோடு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

இப்போது கணக்கு. தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்களுக்குக் கிடைக்கும் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு விலை 3,00,000 டாலர். கையிலிருந்து 25 சதவீதம், அதாவது 75,000. மீதி 2,25,000-க்கு 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடன். மாதத் தவணை ஏறக்குறைய 1,497. சொத்து வரி 300. காப்பீடு 150. நீங்கள் அர்வைனில் இருப்பதால் வீட்டை மேற்பார்க்க ஒரு நிறுவனம் வேண்டும். வாடகையில் 8 சதவீதம், 160. பழுதுபார்க்க 200 ஒதுக்க வேண்டும். ஆள் மாறும் இடைவெளிக்காக ஆண்டுக்கு ஒரு மாத வாடகையைக் கழித்தால் மாதம் 167. மொத்தம் 2,474. வாடகை 2,000. மாதாமாதம் 474 டாலர் கையிலிருந்து போகும்.

பாதி விலையை, அதாவது 1,50,000 டாலரை, முதலிலேயே போட்டால் தவணை 998-க்கு இறங்கும். அப்போது மாதம் 25 டாலர் மிஞ்சும். ஒன்றரை லட்சத்தை முடக்கி 25 டாலர் பார்ப்பதைவிட அந்தப் பணம் வங்கி வைப்பில் இருப்பது மேல். வீடு 2,00,000-க்குக் கிடைத்து, 25 சதவீதம் கையிலிருந்து போட்டு, வாடகையும் அதே 2,000 வந்தால், சொத்து வரியும் விலைக்கேற்பக் குறைவதால் மாதம் 125 டாலர் தேறும். அங்கிருந்துதான் யோசிக்கவே ஆரம்பிக்கலாம். வீட்டு விலை ஏறும், விற்று லாபம் பார்க்கலாம் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும்.

வரியிலும் ஒரு செய்தி. வீட்டின் மதிப்பை, நிலம் நீங்கலாக, 27.5 ஆண்டுகளுக்குப் பிரித்துத் தேய்மானமாகக் கழிக்கலாம். காகிதத்தில் நஷ்டம் காட்டிச் சம்பள வரியைக் குறைக்கலாம் என்பார்கள். ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினால், சாதாரணமாகச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அந்தச் சலுகை அந்த ஆண்டில் கிடைக்காது. நஷ்டத்தைப் பின்னால் வரும் ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். நீங்களும் உங்கள் மனைவியும் வேலை பார்க்கிறீர்கள் என்றால் இதைக் கணக்காளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாங்கிய சில மாதங்களில் மாவட்டத்திலிருந்து துணைச் சொத்து வரி என்று தனியாக ஒரு பில் வரும். அதற்கும் பணம் எடுத்துவையுங்கள்.

கணக்கு தேறினால் மட்டும் வீட்டைப் போய்ப் பாருங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு பார்க்க வரும் மரைன் மனைவி, சமையலறைக்குள் நுழையும் முன்பே கூரையை அண்ணாந்து பார்ப்பார். அங்கே தகரப் பெட்டி போல உட்கார்ந்திருப்பது ஏர்கூலரா, ஏசியா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. ஜூன் மாத வறண்ட வெயிலில் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும். ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறும்போது அது ஊதுவது புழுக்கத்தைத்தான். வெளியே 42 டிகிரி அடிக்கும்போது வீட்டுக்குள் கைக்குழந்தை இருக்கும். ஏசி இல்லாத வீட்டை வாங்கினால் ஏசி போடும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு செப்டிக் டேங்க்தான். அதைத் திறந்து, காலி செய்து, சோதித்த அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மழை அரிதுதான், ஆனால் பெய்தால் காய்ந்த ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். வீடு எந்த ஓடைக்கு அருகில் இருக்கிறது என்று வெள்ள வரைபடத்தில் பாருங்கள். நிலநடுக்கம் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் அடங்காது. பக்கத்தில் லாண்டர்ஸில் 1992 ஜூனில் 7.3 அளவில் ஒன்று வந்திருக்கிறது. மனையில் ஜோஷுவா மரம் நின்றால் அதை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

விலை மிகவும் மலிவாக ஒரு விளம்பரம் வந்தால், அது கிழக்கே வொண்டர் வேலியில் இருக்கிறதா என்று பாருங்கள். 1938-இல் வந்த சிறுமனைச் சட்டத்தின் கீழ் ஐந்து ஏக்கர் வீதம் அரசு கொடுத்த நிலங்களில் கட்டிய குட்டி வீடுகள் அங்கே நிறைய உண்டு. மண் சாலை, பல வீடுகளுக்குத் தண்ணீரே லாரியில்தான் வர வேண்டும். விடுமுறைக்கு வரும் ஓவியருக்கு அது பிடிக்கலாம். விடியற்காலையில் பயிற்சிக்குக் கிளம்ப வேண்டிய வீரரின் குடும்பத்துக்கு அது ஆகாது.

தளமே மூடிவிட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. விக்டர்வில் பக்கத்திலிருந்த ஜார்ஜ் விமானப்படைத் தளத்தை 1992-இல் மூடினார்கள். ஆனால் ட்வென்டிநைன் பாம்ஸ் போல் பரந்த இடத்தில் மெய்க்குண்டுகளோடு பயிற்சி செய்ய வேறு வசதி எளிதில் கிடைக்காது. அதனால் இது மூடப்படும் என்று நான் அஞ்சவில்லை. ஆனால் தளம் இருக்கும்போதே படைப்பிரிவு மறைந்துபோகலாம். மரைன் படை டாங்கிகளை அடியோடு கைவிட முடிவெடுத்தபோது, இங்கிருந்த முதலாவது டாங்கி பட்டாலியனை 2021-இல் கலைத்தார்கள். அதில் இருந்தவர்களின் வீடுகளும் அத்தோடு காலியாயின. அதனால் ஆறு மாதத் தவணைக்கும் வரிக்கும் உரிய பணத்தைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். அது இல்லையென்றால் இன்னும் ஓர் ஆண்டு சேமித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, மனதில் உள்ளதைச் சொல்கிறேன். வாடகைப்படி உயர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதே ஜனவரியில் வாடகையை உயர்த்தாதீர்கள். அது ஒரு குடும்பம் பால் வாங்கவும் பள்ளிக்கு அனுப்பவும் வைத்திருக்கும் பணம். கணவன் கடல்கடந்து பணியில் இருக்கும்போது ஆகஸ்ட் இரவில் ஏசி நின்றுபோய் ஒரு பெண் அழைத்தால், அன்றைக்கே ஆளை அனுப்புங்கள். தளத்தில் செய்தி வேகமாகப் பரவும். நல்ல வீட்டுக்காரர் என்று பெயர் வாங்கிவிட்டால், இடமாற்றமாகிப் போகிறவரே தன் இடத்துக்கு வருபவரை உங்களிடம் அனுப்பிவைப்பார். காலி மாதத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆகவே, தம்பி, இந்த வாரம் வீடு பார்க்கப் போக வேண்டாம். முதலில் வாடகைப்படி அட்டவணையைப் பாருங்கள். உங்கள் எண்களை வைத்துக் கணக்கைப் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் காலி என்று வைத்தும் கை கடிக்காத வீடு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள், சேமிப்பு உங்களிடமே இருக்கட்டும். இரண்டுமே நல்ல முடிவுதான்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பி