போடி மலைச்சாரலில் இளவேனில்

பழந்தமிழர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் இளவேனிலுக்கு உரியவை சித்திரையும் வைகாசியும் ஆகும். ஆயினும், இளவேனில் சித்திரை முதல் நாளன்று திடீரெனத் தோன்றுவதன்று. பின்பனிக் காலமாகிய மாசி, பங்குனித் திங்கள்களிலேயே அதன் தூதுவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து நிற்பர். கூர்ந்து நோக்குவார்க்கே அவர்கள் புலப்படுவர்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் போடிநாயக்கனூர். ஊரைச் சூழ்ந்து மாந்தோப்புகளும் இலவந்தோப்புகளும் உள்ளன. மலைச்சாரலில் காப்பித் தோட்டங்களும், எல்லைக்கு அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் ஏலமலைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. ஊரின் உயரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர். மலையுச்சியிலுள்ள போடிமெட்டின் உயரமோ 1,300 மீட்டருக்கும் மேல். உயரம் 1,000 மீட்டர் மிகுந்தால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். ஆகவே, அடிவாரத்தில் வேனில் தொடங்கிய பின்னும் மலைமேல் குளிர் நீங்காதிருக்கும்.

அடிவாரத்துத் தோட்டத்து வீடு ஒன்றின் முற்றத்தில் நின்று நோக்கினால், முதலில் கண்ணிற்படுவது வேம்பு. மாசியில் அதன் இலைகள் பழுத்து உதிரும். சருகு கூட்டி முடிவதற்குள் செம்பு நிறத் தளிர்கள் கிளைதோறும் அரும்பிவிடும். பங்குனியில் வெண்ணிறப் பூக்கள் மலர்ந்து, காலையில் முற்றமெங்கும் பொரி தூவினாற்போல் உதிர்ந்து கிடக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கென இல்லத்துப் பெண்டிர் அவற்றைச் சேர்த்து உலர்த்தி வைப்பர். வேலியோரத்துப் புங்கமரமும் இலையுதிர்த்து ஓரிரு வாரங்களில் பசுந்தளிர் போர்த்து நிற்கும். தையில் பூத்த மாமரத்தில் இப்பொழுது வடுக்கள் ஆடும்.

இலவமரத்தின் செய்தி வேறு. அஃது இலையின்றி நிற்கும் காலத்திலேயே பூத்துக் காய்க்கும். அதன் காய் கனியுமென்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சே எஞ்சியது என்பதனால், வீணாகக் காத்திருப்போரை 'இலவு காத்த கிளி' என்பது வழக்கு. கிளிக்கு ஏமாற்றம் தந்த அப்பஞ்சே போடி வட்டாரத்தார்க்குச் செல்வம். பங்குனி வெயிலில் காய்கள் வெடிக்கத் தொடங்கியதும் பறிப்போர் மரமேறுவர். காலந்தாழ்த்தினால் பஞ்சு காற்றோடு போய்விடும். இவ்வாறு, இலவங்காயின் வெடிப்பு அவர்களுக்கு வேலை நாளை அறிவிக்கும் மணியோசையாகிறது.

இனி, செவிக்குப் புலனாகும் அறிகுறி குயிலோசை. குயில் இளவேனிலில் வேற்றிடத்திலிருந்து வருவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அஃது ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. குளிர்காலத்தில் பெரும்பாலும் வாய் திறவாதிருப்பதனால் நாம் அறிவதில்லை. காக்கை கூடு கட்டும் காலம் நெருங்கியதும் கரிய ஆண்குயில் கூவத் தொடங்கும்; புள்ளிகளையுடைய பெண்குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடும். குயிலின் குரல் எழும் நாள்களிலேயே கொட்டகுடி ஆற்றங்கரைப் பாறைகளில் வாலசைத்துத் திரிந்த வாலாட்டிக் குருவிகள் வடதிசை நோக்கிப் புறப்பட்டுவிடும். வருவது மட்டுமன்று, பிரிவதும் ஓர் அறிகுறியே.

மலைச்சாரலில் ஏறினால் காப்பிச் செடிகளைக் காணலாம். அவற்றின் மொட்டுகள் வறண்ட நாள்களில் உறங்குவனபோல் அடங்கியிருக்கும். மாசி, பங்குனியில் ஒருமுறை நன்கு பெய்யும் மழையே அவற்றை எழுப்பும். அதனைப் பூமழை என்பர். மழை பெய்த எட்டுப் பத்து நாள்களில் தோட்டம் முழுவதும் ஒருங்கே வெண்மையாகும். மல்லிகையை ஒத்த மணம் சாரலெங்கும் வீசும். இரண்டு மூன்று நாள்களில் அப்பூக்கள் வாடிவிடும். பின்னர் மற்றொரு மழை பெய்தாலன்றிப் பிஞ்சுகள் நிலைத்து வளரா. போதிய அளவு பெய்யாத தூறலோ தீங்கே தரும். பாதி விழித்த மொட்டுகள் மலராமலே கருகும். ஆகவே, மேற்கில் திரளும் முகிலைத் தோட்டத்தார் கவலையோடு நோக்குவதில் வியப்பில்லை.

ஏலச்செடி தன் பூவை உச்சியில் தாங்குவதில்லை. தூரடியிலிருந்து தோன்றும் மெல்லிய பூந்தண்டுகள் தரையை ஒட்டிப் படரும். குனிந்து சருகை விலக்குவார்க்கே அவை தெரியும். செவ்வூதா வரிகளையுடைய அதன் வெள்ளைப்பூ விடியலில் மலர்ந்து, அன்றைக்கே வாடும்; அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். வேனில் மழை பொய்த்தால் பூந்தண்டுகள் காய்ந்துவிடும். 2024ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் பல கருகின. அந்த இழப்பு தோட்ட உரிமையாளரோடு நிற்பதன்று. நாள்தோறும் வைகறையில் வண்டியேறி மலைக்குச் செல்லும் போடிப் பகுதித் தொழிலாளரின் அடுப்பையும் தொடுவது.

இளவேனிலின் முகம் எப்பொழுதும் இனிதன்று. தளிர் அரும்பும் அதே நாள்களில் மலைப்புல் காய்ந்து வைக்கோலாகிறது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றிருந்தோருள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மஞ்சளித்த புல்லும் அசையாத வெயிலும் எச்சரிக்கைகள் என்பதை மறத்தலாகாது.

இத்தகைய அறிகுறிகளைக் குறித்து வைப்பது பயனுள்ள தொண்டாகும். இங்கிலாந்தில் நார்போக் என்னும் பகுதியில் வாழ்ந்த இராபர்ட் மார்சம் என்பார், தம் இல்லத்தைச் சூழ்ந்த மரங்கள் தளிர்த்த நாள், முதற்பூ மலர்ந்த நாள், பறவை முதலிற் கூவிய நாள் ஆகியவற்றை 1736ஆம் ஆண்டு முதல் குறித்து வந்தார். அவருக்குப்பின் அவர் மரபினர் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர். வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மரங்கள் முந்தித் தளிர்க்கின்றன என்பதை அறிஞர்கள் அக்குறிப்புகளால் உறுதிப்படுத்தினர். நம் நாட்டிலும் சீசன்வாட்ச் என்னும் திட்டத்தின்வழிப் பள்ளி மாணவர் பலர் மரங்களைக் கவனித்துக் குறித்து வருகின்றனர்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், வாசலில் நிற்கும் ஒரு வேப்பமரமும் போதும். முதல் தளிர் தோன்றிய நாளை இவ்வாண்டு குறிப்பவர், அடுத்த ஆண்டு அதனோடு ஒப்பிட்டு நோக்குவர். பத்தாண்டுகள் கழிந்தால் அக்குறிப்பேடு அவ்வூரின் வரலாறாகும். மழை முந்தியதா, வெயில் மிகுந்ததா என்னும் வினாக்களுக்கு அதுவே சான்று கூறும்.