பச்சைக் குழந்தையின் செலவுக் கணக்கு: முதல் வரியில் தாயின் சோறு



இடம்பெயர்ந்து வாழும் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கும்போது மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்து வருகிறது. "இந்தக் கையிருப்பில் இப்பிள்ளையை எப்படி வளர்த்தெடுப்போம்?" என்பதே அக்கவலை. இப்பாடம் அதற்கு ஒரு வழியைக் காட்ட முயல்கிறது. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து இதைப் படியுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்க, குழுவாகக் கேட்பதும் நல்லது.

1. வளவு தந்ததை இப்போது காசு தரவேண்டியிருக்கிறது

எங்கள் வாவிக்கரை மக்கள் பலமுறை வீடுவாசலை விட்டு எழும்பியவர்கள். 1990 இல் யுத்தத்தால் எழும்பினோம். 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுப்பியது. 2006 இலும் 2007 இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு எழுவான்கரைக்கு வந்து முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் தங்கின. 2011 சனவரி வெள்ளம் வேளாண்மையையும் வீடுகளையும் ஒருசேர அழித்தது.

ஒவ்வொரு முறையும் காணியை மட்டுமா இழந்தோம்? சொந்த வளவில் ஒரு முருங்கை நின்றது. பட்டியில் பால் கறந்தோம். அடுக்களையில் நெல் மூடை இருந்தது. எங்கள் வழக்கப்படி பெண்பிள்ளை தாய்வீட்டிலோ அதன் பக்கத்திலோதான் குடியிருப்பாள். ஆகவே பிள்ளையைக் குளிப்பாட்டவும், தாய்க்குப் பத்தியக்கறி ஆக்கவும், இரவில் பிள்ளையை ஏந்தவும் அம்மம்மாவின் கை இருந்தது. இவற்றுக்கு ஒருவரும் விலை போட்டதில்லை. கணக்கெழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இடம்பெயர்ந்தபின் இவை ஒவ்வொன்றும் கடைச்சாமான் ஆகிவிடுகின்றன. கீரையும் முட்டையும் விறகும் காசுக்கு வருகின்றன. "முந்தி மூன்று பிள்ளை வளர்த்தோம், இவ்வளவு முடியவில்லையே" என்று மனைவியைக் குறைசொல்லும் கணவன்மார் இதை நினைவில் கொள்ளவேண்டும். வீட்டுக்காரியின் கை நீண்டதால் செலவு கூடவில்லை. வளவு சும்மா தந்ததை இப்போது கடையில் வாங்குகிறோம்.

முதல் வேலையாகக் கொப்பியில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்றில் சொந்த ஊரில் காசில்லாமல் கிடைத்தவற்றை எழுதுங்கள். மற்றதில் அவற்றுள் இப்போது காசுக்கு வாங்குபவற்றை எழுதுங்கள். இரண்டாவது பட்டியலைக் கண்டபின்தான் உண்மையான செலவு தெரியும். இருக்கும் இடத்தில் ஒரு முருங்கைக் கொம்பும் நாலு கீரைப் பாத்தியும் வைக்க முடிந்தால் அதுவும் வருமானமே.

2. பணம் வருவது போகத்துக்கு; செலவு வருவது நாளுக்கு

குத்தகைக் காணியில் வேளாண்மை செய்பவருக்கும், வெட்டுக் காலத்தில் கூலிக்குப் போகிறவருக்கும் கையில் பணம் சேர்வது வருடத்தில் இரண்டு முறைதான். பெரும்போகம் மாசி, பங்குனியில் முடிகிறது. சிறுபோகம் ஆவணியோடு முடிகிறது. குழந்தையின் செலவோ போகம் பார்ப்பதில்லை.

ஆகவே அறுவடைப் பணம் வந்த அன்றே, விதைநெல், உரம், குத்தகை ஆகியவற்றுக்கு உரியதை ஒதுக்கியபின், மீதியை அடுத்த அறுவடை வரையுள்ள மாதங்களால் பிரியுங்கள். உதாரணமாக, பங்குனியில் 60,000 ரூபா மிஞ்சுகிறது, அடுத்த பணம் ஐந்து மாதத்தின் பின் வரும் என்றால், மாதத்துக்கு 12,000 ரூபாதான் உங்களுடையது. மிச்சம் கையில் இருந்தாலும் அது வரப்போகும் மாதங்களுக்குச் சொந்தம்.

ஆவணியில் வரும் பணத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அது ஆறேழு மாதம் தாங்கவேண்டிய பணம். அதற்குள் கார்த்திகை, மார்கழி, தை மழை வருகிறது. அக்காலத்தில் கூலி வேலை குறையும், வெள்ளம் வரும், காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரும். ஆகவே மழைக்கு முன்னரே மருந்துக்கும் போக்குவரத்துக்கும் ஒரு தொகையைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

3. ரூபாவால் அல்ல, கூலிநாளால் அளவுங்கள்

விலை நிலையாக நிற்பதில்லை. 2021 செப்டெம்பரில் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பொதி, 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. ஆறே மாதத்தில் விலை இரட்டித்தது. கூலி அவ்வாறு இரட்டிக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு செலவையும் "இது எத்தனை நாள் கூலி?" என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்குக் கணவனுக்கும் மனைவிக்கும் உடனே விளங்கும்.

கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. நாட்கூலி 2,000 ரூபா என்றும், மாதத்தில் 16 நாள் வேலை கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வருமானம் 32,000 ரூபா. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மாதச் செலவு:

தாய்க்கு மேலதிக உணவு, நாளுக்கு 150 ரூபா வீதம்: 4,500 ரூபா
உடுப்புத் துவைக்கும் சவர்க்காரம்: 800 ரூபா
குழந்தைச் சவர்க்காரம், எண்ணெய்: 700 ரூபா
நுளம்புத் திரி, விளக்கு முதலியன: 600 ரூபா
கிளினிக் போய்வரப் பஸ் கூலி: 400 ரூபா
வருத்தம் வந்தால் எடுக்க உண்டியலில்: 1,500 ரூபா
மொத்தம்: 8,500 ரூபா, அதாவது நாலேகால் நாள் கூலி.

இவை உதாரணத் தொகைகள். உங்கள் கூலியையும் உங்கள் கடை விலையையும் போட்டு நீங்களே எழுதவேண்டும்.

இதில் முதல் வரியைக் கவனியுங்கள். பல வீடுகளில் அந்த வரியே இருப்பதில்லை. குழந்தைக்குப் பவுடர், தொப்பி, சூப்பிப் போத்தல் எல்லாம் வாங்கப்படும். தாயோ எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவாள். பாலூட்டும் தாய்க்கு வழமையைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும். ஒரு தட்டுச் சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை அல்லது கொஞ்சம் நெத்தலி, கீரி போன்ற சிறுமீன் அதற்குப் போதும். பால்சுறாவும் உள்ளியும் முருங்கையிலையும் கொடுத்த எங்கள் மூத்தோர், பெற்ற தாயின் சாப்பாட்டைத்தான் முதலில் பார்த்தார்கள். ஆறு மாதம் வரை குழந்தையின் உணவுச் செலவு என்பது தாயின் உணவுச் செலவே. வீட்டில் செலவைக் குறைக்கவேண்டி வந்தால் எதை வெட்டினாலும் இந்த வரியை வெட்டாதீர்கள்.

4. கணக்கை உடைக்கும் இரண்டு சாமான்கள்

முதலாவது பால்மா. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை ஒரு குழந்தையை மாவில் மட்டும் வளர்க்க ஏறத்தாழ 20 கிலோ மா வேண்டும். அது 400 கிராம் பொதியில் 50. மாதத்துக்கு எட்டுக்கு மேல். ஒரு பொதி 1,500 ரூபா என்று வைத்தாலும் எட்டுப் பொதிக்கு 12,000 ரூபா, ஆறு நாள் கூலி. போத்தலும், தண்ணீர் கொதிக்க விறகும் வேறு. இதைத் தாங்கமுடியாத வீட்டில் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். அல்லது பெரியவர்கள் தேநீருக்குப் போடும் பால்மாவைக் கரைப்பார்கள். இரண்டும் குழந்தையை மெலிய வைக்கும்.

கிணறு கலங்கிய இடத்திலும், பலர் ஒரே குழாயைப் பாவிக்கும் இடத்திலும் போத்தல் பாலின் ஆபத்து இன்னும் பெரிது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாப் பகுதியில் 2006 மே மாதம் நிலநடுக்கம் ஏற்பட்டபின், நன்கொடையாக வந்த பால்மா வீடுகளுக்குப் பங்கிடப்பட்டது. பின்னர் விசாரித்துப் பார்த்தபோது, அந்த மாவைப் பெற்ற குழந்தைகளில் 100 க்கு 25 பேருக்கு ஒரு வாரத்துள் வயிற்றோட்டம் கண்டிருந்தது. பெறாத குழந்தைகளில் அது 100 க்கு 11 அல்லது 12 பேர். இலவசமாக வந்த மாவும் மருந்துச் செலவைக் கொண்டுவந்தது.

முன்னர் நான்கு மாதத்திலேயே வேறு உணவு தொடங்கலாம் என்று சொல்லப்பட்டது. 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது, தண்ணீரும் வேண்டாம். தாய் கூலிக்குப் போகவேண்டி வந்தால், சுத்தமான மூடிய பாத்திரத்தில் பால் எடுத்து வைத்து, நாலு மணி நேரத்துக்குள் கோப்பையால் ஊட்டலாம். தாயில்லாத பிள்ளைக்கும், உண்மையிலேயே பால் கொடுக்க இயலாத தாயின் பிள்ளைக்கும் மா தேவைப்படும். அந்த வீட்டார் வெட்கப்பட எதுவுமில்லை. மருத்துவமாதுவிடம் அளவு கேட்டு, கோப்பையால் கொடுங்கள். அயலாரும் அவர்களுக்கு உதவவேண்டும்.

இரண்டாவது பம்பர்ஸ். நாளுக்கு நாலு வீதம் மாதத்துக்கு 120 வேண்டும். ஒன்று 60 ரூபா என்றாலும் 7,200 ரூபா, மூன்றரை நாள் கூலிக்கு மேல். பழைய சேலையும் வேட்டியும் நல்ல துணித்துண்டு ஆகும். துவைத்து நல்ல வெயிலில் காயவிட்டால் போதும். கிளினிக், தூரப் பயணம் ஆகியவற்றுக்கு மாத்திரம் இரண்டொன்று வைத்துக்கொள்ளலாம்.

மாவும் பம்பர்சும் சேர்ந்தால் 19,200 ரூபா. அது ஒன்பதரை நாள் கூலிக்கு மேல். கிடைக்கும் 16 நாளில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விடுகிறது.

5. காசு கொடுக்கத் தேவையில்லாதவை

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம், கிளினிக், தடுப்பூசி, மருத்துவமாதுவின் வீட்டு வருகை ஆகியன இலவசம். பிறந்தவுடன் பீ.சீ.ஜீ., பின்னர் 2, 4, 6 மாதங்களிலும், 9, 12, 18 மாதங்களிலும் ஊசிகள் உண்டு. புதிய இடத்துக்கு வந்தவுடன் அப்பகுதி மருத்துவமாதுவிடம் பெயரைப் பதியுங்கள். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை அடையாள அட்டையோடு ஒரே பையில், நனையாத உறையில் வையுங்கள். அது தொலைந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லி வேறொன்று கேளுங்கள்.

1973 இல் தொடங்கப்பட்ட திரிபோஷ, சோளமும் சோயாவும் சேர்ந்த சத்துமா. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்குமே அது தரப்படுகிறது. வீடு முழுக்கப் பங்கிட்டால் உரியவருக்குப் பலன் இராது. 2015 இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதத்துக்குப் போசாக்குக் கொடுப்பனவு ஆரம்பிக்கப்பட்டது. உங்களுக்குரிய கொடுப்பனவு என்ன என்பதைக் கர்ப்பம் தெரிந்தவுடனே மருத்துவமாதுவிடம் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதியுங்கள். பிள்ளை பிறந்த இடத்திலேயே பதியவேண்டும் என்பதால், ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் விசாரியுங்கள். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு என்று அலைச்சலும் செலவும் கூடும்.

6. ஆறு மாதத்தின் பின்

அப்போதும் டின்னில் வரும் உணவு தேவையில்லை. வீட்டுப் பானையிலுள்ள சோற்றைப் பருப்போடு நன்றாகக் குழைத்து, தடிப்பாகக் கொடுங்கள். பின்னர் கீரை, மீன், முட்டை, சிறிது தேங்காய்ப்பால் அல்லது எண்ணெய் சேருங்கள். ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். கணக்கில் புதிதாக வரவேண்டியது ஒரு முட்டையும் சிறிது மீனும் மட்டுமே.

7. கடன் பற்றி ஒரு வார்த்தை

அன்றாடச் செலவுக்கு வட்டிக் கடன் எடுக்காதீர்கள். சவர்க்காரம் கரைந்துவிடும், வட்டி கரையாது. வாராவாரம் கட்டும் கடன்களால் எமது பெண்கள் பட்ட துன்பத்தை நாடே அறியும். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று.

31 ஆம் நாள் துடக்குக் கழிவையும், ஞானஸ்நானத்தையும், பெயர் வைப்பதையும் கையிலுள்ளதற்குள் செய்யுங்கள். வருபவர்களிடம் உடுப்புக்குப் பதிலாக ஒரு சவர்க்காரமோ ஐந்து முட்டையோ கொண்டுவரச் சொன்னால் ஒருவரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். நகை அடகு வைப்பதைக் கடும் வருத்தம் வந்தால் எடுக்கும் கடைசி வழியாக வையுங்கள். கடைக்காரர் கொப்பியில் எழுதும்போது உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள்.

வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கரைத்துக் கொடுத்து, தாய்ப்பாலை நிறுத்தாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உண்டியல் பணம் இதற்குத்தான்.

குழுவில் கலந்துரையாட

1. சொந்த ஊரில் காசின்றிக் கிடைத்து, இப்போது காசுக்கு வாங்கும் பொருட்கள் எவை? அவற்றுள் எதை இங்கேயே உண்டாக்கலாம்?
2. உங்கள் குழந்தையின் மாதச் செலவு எத்தனை நாள் கூலி?
3. நேற்று உங்கள் வீட்டில் பாலூட்டும் தாய் என்ன சாப்பிட்டார்? எத்தனையாவது ஆளாகச் சாப்பிட்டார்?
4. அம்மம்மாவின் துணையில்லாத தாய்மாருக்கு உங்கள் அயலில் யார் கைகொடுக்கிறார்கள்? நாலு வீடு சேர்ந்து முறைவைத்துச் செய்யக்கூடியது என்ன?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாதக் கணக்கை எழுதிக்கொண்டு வரட்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். முதல் வரியில் தாயின் சோறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.